செவிநச்சு: காதுக்குள் ஈயம் போகும் வழி

கேட்கக் கூடாத சொல்லைக் கேட்டுவிட்டவர்கள், "காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போல இருந்தது" என்பார்கள். அந்த வழக்கில் ஈயம் கொதித்து, காதின் துளை வழியாக இறங்குகிறது. மருத்துவர்கள் இன்று பேசும் ஈயம் வேறு வழியில் வருகிறது. மூச்சு, சோறு, தண்ணீர், விரலில் ஒட்டிய தூசி என்று எதிலாவது ஏறி, இரத்தத்தில் கலந்து, உட்செவி வரைக்கும் போய்ச் சேர்கிறது. சூடு தெரியாது, வலி தெரியாது. இப்படிக் காதின் உள்ளுறுப்புகளைக் கெடுக்கும் பொருளை ஆங்கிலத்தில் ஓட்டோடாக்சிக் என்கிறார்கள். தமிழில் அதைச் செவிநச்சு என்று சொல்லலாம் என்பது என் கருத்து.

ஓட்டோடாக்சிக் என்ற சொல்லின் இரண்டு பாதிகளும் கிரேக்கம். 'ஓட்டோ' காதைக் குறிப்பது. 'டாக்சிக்' வந்த கதைதான் சுவையானது. கிரேக்கத்தில் வில்லுக்கு 'டோக்சான்' என்று பெயர். அம்பு முனையில் தடவும் நஞ்சை 'டோக்சிகான் ஃபார்மகான்' என்றார்கள், வில்லுக்குரிய மருந்து என்பது போல. 'ஃபார்மகான்' என்ற சொல்லுக்கு மருந்து, நஞ்சு இரண்டும் பொருள். காலப்போக்கில் அந்தப் பாதி உதிர்ந்துபோய், வில்லைக் குறித்த பாதியே நஞ்சுக்குப் பெயராகி, இலத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குள் புகுந்துவிட்டது.

உதிர்ந்துபோன அந்த 'மருந்து' இந்தச் சொல்லின் வரலாற்றில் வேறு வழியாகத் திரும்பி வந்தது. காதைக் கெடுப்பவை என்று மருத்துவ உலகம் முதலில் பெரிதாகக் கவலைப்பட்டது மருந்துகளைப் பார்த்துத்தான். 1943இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் காசநோயாளிகளின் உயிரைக் காத்தது. ஆனால் அவர்களில் சிலருக்கு நடையில் தள்ளாட்டமும், சிலருக்குக் கேட்புக் குறைவும் வந்தன. புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் இன்னொரு உதாரணம். அதன் நடுவில் இருப்பது பிளாட்டினம், அதுவும் ஓர் உலோகம். சிகிச்சை முடிந்து பல மாதங்கள் ஆன பிறகும் அது உட்செவியில் தங்கியிருக்கிறது.

சரி, தமிழுக்கு வருவோம். காது இருக்க ஏன் செவி? பேச்சில் காது என்பது பெரும்பாலும் வெளியே தெரியும் உறுப்பு. காது குத்துகிறோம், காதைத் திருகுகிறோம். ஊசிக்குக் காது உண்டு, வாணலிக்கும் காது உண்டு. கேட்கும் புலனைச் சொல்லும்போது தமிழ் செவி பக்கம் சாய்கிறது: செவிமடுத்தல், செவிவழிச் செய்தி, செவித்திறன். பாடநூலும் வெளிச்செவி, நடுச்செவி, உட்செவி என்றுதான் பிரிக்கிறது. இந்த நஞ்சு வேலை செய்யும் இடம் உட்செவி என்பதால் செவி என்பதே பொருந்துகிறது. ஒரு குறையும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பும் உட்செவியில்தான் இருக்கிறது. செவி என்றதும் கேட்பது மட்டும் நினைவுக்கு வந்தால், தலைசுற்றலும் தள்ளாட்டமும் விடுபட்டுப்போகும். ஓட்டோடாக்சிக் என்ற சொல் இரண்டையும் சேர்த்தே குறிக்கிறது. செவிநச்சையும் அப்படியே புழங்க வேண்டும்.

மருந்து என்பது 'மருத்துவம்' என்று வருவதுபோல, நஞ்சு என்பது இன்னொரு சொல்லோடு சேரும்போது நச்சு ஆகிறது: நச்சுப்பாம்பு, நச்சுப்புகை. பழந்தமிழில் நச்சுதல் என்றால் விரும்புதல் என்றும் பொருள். உரையாசிரியர் நச்சினார்க்கினியரின் பெயரில் இருப்பது அந்த நச்சுதான். அதற்கும் நஞ்சுக்கும் உறவு தேட வேண்டாம். செவிக்கு நஞ்சாவது செவிநச்சு. அந்தத் தன்மையைச் சொல்லச் செவிநச்சுத்தன்மை. 'காது நச்சுத்தன்மை' என்று எழுதினால் காதிலேயே நஞ்சு ஊறுவதுபோல எனக்குப் படுகிறது.

அடுத்து, ஈயம் போன்ற உலோகங்களைச் சேர்த்துச் சொல்லும் ஹெவி மெட்டல். செய்திகளில் இது கன உலோகம் என்று வருகிறது. 'கன' என்பதற்கும் இரண்டு வேலை. அணைக்கு இத்தனை கனஅடி நீர்வரத்து என்னும்போது அது கொள்ளளவு, கன உலோகத்தில் அது எடை. இதனால் யாரும் குழம்புவதில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். சிக்கல் மூலச் சொல்லிலேயே இருக்கிறது. 1817இல் ஜெர்மன் வேதியியலர் லியோபோல்ட் க்மெலின் உலோகங்களை அடர்த்தியை வைத்து லேசானவை, கனமானவை என்று பிரித்தார். அதற்குப் பிறகு ஆளுக்கொரு எல்லை வைத்தார்கள். கன சென்டிமீட்டருக்கு 3.5 கிராமுக்கு மேல் என்று ஒருவர், 7 கிராமுக்கு மேல் என்று இன்னொருவர். 2002இல் வேதியியலுக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் இதழில் ஜான் டஃபஸ், இந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லையோ என்று தலைப்பிலேயே கேட்டு ஓர் அறிக்கை எழுதினார். அவர் கேட்டது நியாயம். அடர்த்திக்கும் நச்சுத்தன்மைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. தங்கம் ஈயத்தைவிட அடர்த்தி மிகுந்தது, அதைக் காதிலேயே மாட்டிக்கொள்கிறோம். எனவே காதைப் பற்றிப் பேசும்போது கன உலோகம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல் ஈயம், காட்மியம், பாதரசம் என்று பெயர் சொல்லிவிடுவது நல்லது.

பெயர் சொல்வதிலும் ஒரு கவனம் தேவை. தமிழில் ஈயம் என்றால் இரண்டு. காரீயம் ஒன்று, வெள்ளீயம் இன்னொன்று. ரசம் வைக்கும் ஈயச்சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம். பேட்டரியிலும் பழைய பெயின்டிலும் இருப்பது காரீயம். நஞ்சு என்று இங்கே பேசுவது காரீயத்தை. ஈயச்சொம்பில் பயம் வருவது, மலிவுக்காகக் காரீயம் கலக்கும்போதுதான். பென்சிலில் இருப்பதையும் சிலர் காரீயம் என்பார்கள், அது உண்மையில் கிராஃபைட், ஒரு வகைக் கரி. பாதரசத்தை நம் ஊரில் வெறும் ரசம் என்றும் சொல்வார்கள், 'ரசம் போன கண்ணாடி' நினைவிருக்கும். காட்மியத்துக்குத் தமிழ்ப் பெயர் வேண்டாம், அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

இனி இவை காதில் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். உட்செவியில் காக்ளியா என்னும் நத்தைச்சுருள் இருக்கிறது. அதற்குள் ஏறத்தாழ 15,000 மயிர்ச் செல்கள். ஒலி அதிர்வை நரம்புக்குப் புரியும் சைகையாக மாற்றுபவை இவைதான். மனிதரில் இந்தச் செல் ஒன்று செத்தால் செத்ததுதான், மறுபடி முளைக்காது. ஈயம் கால்சியம்போல வேடமிட்டு நரம்புகளின் வேலையைக் குலைக்கிறது. காட்மியம் செல்லுக்குள் ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் கூட்டுகிறது. பாதரசத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. 1956இல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட நோயில், கடலில் கலந்த மீத்தைல் பாதரசம் மீன் வழியாக மக்களின் உடலுக்குள் போனது. பலருக்குக் கேட்கும் திறனும் போயிற்று. அங்கே பெரிதும் பழுதானது மூளையில் ஒலியைப் புரிந்துகொள்ளும் பகுதி. கறாராகச் சொன்னால் அதை நரம்புநச்சு என்ற சொல்லின் கீழ்தான் வைக்க வேண்டும்.

பெரியவர்களிடம் இது ஏன் கண்ணில் படாமல் போகிறது என்றால், இந்த உலோகங்களின் நிதானம் அப்படி. உடலில் சேர்ந்த காட்மியம் பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டு ஆகும், சிறுநீரகத்தில் தங்கிவிடும். பெரியவர்களின் உடலில் உள்ள ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில் இருக்கிறது. முதுமையில் எலும்பு தேயத் தேய, என்றோ உள்ளே போன ஈயம் மீண்டும் இரத்தத்துக்கு இறங்கும். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நின்றது. அதற்கு முன் சாலையோரம் மூச்சு விட்டவர்களின் எலும்பில் அதன் மிச்சம் இருக்கலாம்.

அமெரிக்காவில் 1999 முதல் 2004 வரை திரட்டிய தேசிய உடல்நலக் கணக்கெடுப்பிலிருந்து, 20 முதல் 69 வயது வரையிலான 3,698 பேரின் தகவல்களை எடுத்து ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். இது பொதுமக்களிடம் எடுத்த கணக்கு, தொழிற்சாலை ஆட்களைத் தேடிப்போனதல்ல. இரத்தத்தில் ஈயம் மிகுதியாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினரை, மிகக் குறைவாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினரோடு ஒப்பிட்டார்கள். காதுக்கு எட்டத் தேவைப்பட்ட ஒலியின் அளவு, ஈயம் மிகுந்தவர்களுக்கு 18.6 சதவீதம் கூடுதலாக இருந்தது. காட்மியத்தில் அதே ஒப்பீடு 13.8 சதவீதம். ஒரு முறை மட்டும் அளந்து பார்த்த ஆய்வு இது, காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல அது போதாது. புகையிலைச் செடி மண்ணிலிருந்து காட்மியத்தை உறிஞ்சி இலையில் சேர்க்கும். அதனால் புகைப்பவரின் இரத்தத்தில் காட்மியம் கூடுதலாக இருக்கும். புகையே காதைக் கெடுக்கும் என்பதால் இரண்டையும் பிரிப்பது எளிதல்ல. இருந்தாலும் 2018இல் அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு அமைப்புகள் வெளியிட்ட குறிப்பில், செவிநச்சுப் பொருள்களின் பட்டியலில் ஈயமும் பாதரசச் சேர்மங்களும் இருக்கின்றன. சத்தமும் செவிநச்சும் சேர்ந்தால் கேடு கூடும் என்றும் அதில் எச்சரிக்கிறார்கள்.

அதைப் படித்தபோது எனக்குப் பெரியப்பா நினைவு வந்தது. அச்சகத்தில் அச்சுக் கோப்பவராக முப்பது வருடம் இருந்தார். அவர் கையால் எடுத்துக் கோத்த அச்சு எழுத்துகள் காரீயமும் ஆன்ட்டிமணியும் வெள்ளீயமும் கலந்து வார்த்தவை. விரல் நுனி எப்போதும் சாம்பல் நிறம், அதே விரலால்தான் வடையைப் பிய்த்துச் சாப்பிடுவார். பக்கத்தில் டிரெடில் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். ஐம்பது தாண்டியதும் காது மந்தமாகி, ராத்திரியில் இரைச்சல் கேட்கிறது என்றார். வீட்டில் எல்லோரும் "மெஷின் சத்தம், அப்புறம் வயசு" என்று சொல்லிவிட்டோம். ஈயத்துக்காக அவர் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அப்படி ஒன்று இருப்பதைச் சொல்ல வீட்டில் யாரிடமும் ஒரு சொல் இருக்கவில்லை.

போன வருடம் என் காதைப் பரிசோதிக்கப் போனபோது ஒரு படிவம் நீட்டினார்கள். சர்க்கரை உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, சத்தமான இடத்தில் வேலையா என்று கட்டங்கள் இருந்தன. என்ன உலோகத்தோடு வேலை, வீட்டில் யாராவது பேட்டரி உடைக்கிறார்களா, சால்டரிங் செய்கிறார்களா, பழைய பெயின்டைச் சுரண்டினீர்களா, புகைப்பீர்களா என்று கேட்கும் கட்டம் எதுவும் இல்லை. படிவத்தின் அடியில் இருந்த வெற்றிடத்தில் 'செவிநச்சுப் பொருள்கள்' என்று எழுதி, கீழே சிறுவயதில் பெரியப்பாவோடு அச்சகத்தில் எழுத்துப் பெட்டிகளைத் துடைத்த கோடை விடுமுறைகளையும் குறித்துக் கொடுத்தேன். மருத்துவர் அதைப் படித்துவிட்டு, "எத்தனை வருஷம்?" என்று கேட்டார்.