கிளோடிகேஷன்: நடையுளைவு

கொழும்பில் கால்வலிக்காக மருத்துவரிடம் சென்றவர்களின் கிளினிக் கொப்பியில் 'இன்டர்மிட்டன்ட் கிளோடிகேஷன்' என்று எழுதப்பட்டிருப்பதுண்டு. நொண்டுதல் என்று பொருள்படும் 'கிளௌடிகாரே' என்ற இலத்தீன் வினையே இதன் மூலம். 1831இல் பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் பூலே, ஓடும்போது நொண்டி, ஓய்ந்ததும் சீராகும் ஒரு குதிரையின் பின்னங்கால் நாடிகள் (இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும் குழாய்கள்) அடைபட்டிருந்ததை விவரித்தார். மனிதரிடமும் இதே நிலை இருப்பதை 1858இல் பிரெஞ்சு மருத்துவர் சார்கோ எடுத்துக்காட்டினார்.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'இடைவிட்ட நொண்டல்' என்றாகும். ஆனால் நோயாளி உணர்வது நொண்டலை அன்று. காலி வீதியில் வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து பம்பலப்பிட்டி நோக்கி நடப்பவருக்கு ஏறத்தாழ ஒரே தூரத்தில் கெண்டைக்கால் இறுகி உளையத் தொடங்குகிறது. நின்றால் சில நிமிடங்களில் அடங்குகிறது. மீண்டும் நடந்தால் திரும்புகிறது. 'கால் உளையுது' என்று நம்மவர் சொல்வதை ஒட்டி 'நடையுளைவு' என்பதையே நான் பரிந்துரைப்பேன். எப்போது வருகிறது, எப்படி வருகிறது என்ற இரண்டையும் அது சொல்லிவிடுகிறது.

இலங்கைப் பாடநூல்கள் நாடி என்பதைத் தமிழகத்தில் தமனி என்பர். குருதியை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் நாளம் அங்கே சிரை. நாடியா நாளமா என்ற வேறுபாடு சிகிச்சைக்கும் முக்கியமானது. கொழுப்புப் படிந்து நாடி ஒடுங்கும்போது, ஓய்வில் போதுமாயிருக்கும் குருதி நடையின்போது தசைக்குப் போதாமற் போவதால் உளைவு உண்டாகிறது. நாள நோயிலோ நெடுநேரம் நின்றால் கால் கனத்து வீங்கும். உயர்த்தி வைத்தால் இதமாகும். நாள நோய்க்குத் தரப்படும் இறுக்கக் காலுறை, நாடி மிக ஒடுங்கிய காலுக்குத் தீங்கு செய்யும். ஆகவே அதைத் தாமாக வாங்கி அணியக் கூடாது.

இவ்வுளைவை 'வாதம்' என்றும் 'நரம்புக் கோளாறு' என்றும் கருதி எண்ணெய் தேய்த்து மாதக்கணக்கில் காலங்கடத்துவது வருத்தத்துக்குரியது. பாதத்து நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்ப்பதும், கணுக்காலின் குருதியமுக்கத்தைக் கையின் அமுக்கத்தால் வகுத்துப் பார்ப்பதும் எளிய சோதனைகள். அவ்விகிதம் 0.9 அல்லது அதற்குக் குறைவாயின் நாடி நோய் உண்டெனக் கொள்வர்; நீண்டகால நீரிழிவில் நாடிச்சுவர் கடினமாகி எண் பொய்யாக உயர்ந்து காட்டலாம்.

சிகிச்சையில் முதன்மையானது புகைத்தலை முற்றாக விடுவது. அடுத்தது நடையேதான். உளைவு வரும்வரை நடந்து, நின்று, அது தணிந்தபின் மறுபடி நடப்பதாக, 30 முதல் 45 நிமிடங்கள், வாரத்தில் மூன்று முறையேனும், குறைந்தது 12 வாரங்கள் மருத்துவரின் ஆலோசனையுடன் பயின்றால் பலருக்கு வலியின்றி நடக்கும் தூரம் கூடுகிறது. வலிக்கும் காலை நடக்க வைப்பது கொடுமையாகத் தோன்றலாம். ஆயினும் இந்த நிலையில் படுத்திருப்பதே காலை மேலும் தளர்த்தும். குருதி உறைவதைத் தடுக்கும் அசுப்பிரின் அல்லது குளோபிடோகிரல், குருதிக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் ஆகியவை மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்கவே பெரிதும் தரப்படுகின்றன. நடையும் மருந்தும் போதாதவர்க்கு, ஒடுங்கிய நாடியை விரிக்கும் பலூன் சிகிச்சையோ அடைப்பைச் சுற்றிக் குருதியைச் செலுத்தும் மாற்றுவழிச் (பைபாஸ்) சத்திரசிகிச்சையோ உண்டு.

இரவில் படுத்திருக்கையிலேயே பாதம் வலித்து, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் இதமென்றாலோ, விரற்புண் ஆறாதிருந்தாலோ அது நடையுளைவின் எல்லையைக் கடந்த நிலையாகும். விரைவில் மருத்துவரை நாட வேண்டும். கால் திடீரெனக் குளிர்ந்து, வெளிறி, விறைத்துவிட்டால் மறுநாள் கிளினிக்குக்குக் காத்திராமல், அந்த மணித்தியாலத்திலேயே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.