"நான்தான் கொண்டுவந்தேன்": பெருந்தொற்று விட்டுச்சென்ற குற்ற உணர்வு

கோவிட் கால அவசரநிலை முடிவுக்கு வந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்தது. அந்த நோயில் வீட்டில் ஒருவரை இழந்து என்னிடம் மனநல ஆலோசனைக்கு வருபவர்களில் சிலருக்கு அது இன்னும் முடியவில்லை. தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, எதிலும் பிடிப்பில்லை என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். மூன்றாவது, நான்காவது சந்திப்பில், பெரும்பாலும் எழுந்து கிளம்பும் நேரத்தில், அந்த வாக்கியம் வரும்: "வீட்டுக்குள் நோயைக் கொண்டுவந்தது நான்தான்."

வீட்டில் இதைச் சொன்னால், "அப்படியெல்லாம் நினைக்காதே" என்று உடனே தடுத்துவிடுகிறார்கள். அன்பினால்தான். ஆனால் அதன்பின் அவர் அதைச் சொல்வதை நிறுத்துவாரே தவிர, நினைப்பதை நிறுத்தமாட்டார். சிகிச்சையில் நாங்கள் அந்தக் குறிப்பிட்ட நாளுக்கே திரும்பிச் சென்று, அன்று அவருக்குத் தெரிந்திருந்தவை எவை, பின்னர் தெரியவந்தவை எவை என்று பொறுமையாகப் பிரித்துப் பார்க்கிறோம். காய்ச்சலோ இருமலோ தொடங்குவதற்கு ஓரிரு நாள் முன்பே இந்த வைரஸ் ஒருவரிடமிருந்து பரவக்கூடும். அறிகுறியே இல்லாதவரிடமிருந்தும் பரவக்கூடும். ஆகவே வீட்டில் முதலில் காய்ச்சல் கண்டவர்தான் மற்றவர்களுக்குத் தொற்றைக் கொடுத்தவர் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. முடிவை அறிந்துவிட்ட மனமோ, அதை முன்பே அறிந்திருக்க வேண்டும் என்று தன்மீதே வழக்குத் தொடுக்கிறது.

சிலர் உண்மையிலேயே அசட்டையாக இருந்திருக்கிறார்கள். அவர்களிடம் "உங்கள்மேல் தவறே இல்லை" என்று நான் சொல்வதில்லை. அவர்களும் அதை நம்பப்போவதில்லை. கவனக்குறைவுக்கும் கொலைக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றித்தான் பேசுகிறோம்.

கடைசியாக முகம்கூடப் பார்க்க முடியாமல் போனவர்களுக்கு இந்தச் சுமை இரட்டிப்பாகிறது. துக்கம் நோயல்ல, பலருக்கு அது காலப்போக்கில் தணியும். இறப்புக்குப் பின் 6 மாதங்களைக் கடந்தும் ஏக்கம் சிறிதும் தணியாமல் அன்றாட வாழ்வை முடக்கினால், அதை நீடித்த துக்கக் கோளாறாகக் கருதலாம் என்று 2022இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு நோய் வகைப்பாடு கூறுகிறது. ஆம்புலன்ஸ் ஒலி கேட்டாலே உடல் நடுங்குவது, மருத்துவமனைக் காட்சிகள் கண்முன் திரும்பத் திரும்ப வருவது, அந்த நினைவு தரும் இடங்களைத் தவிர்ப்பது ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்தாலும் உதவி நாட வேண்டும். தூக்க மாத்திரை மட்டும் போதாது. அதிர்ச்சி நினைவுகளை மையமாகக் கொண்ட உளவியல் சிகிச்சைகள் நல்ல பலன் தருகின்றன.

"அவருக்குப் பதிலாக நான் போயிருக்கலாம்" என்று ஒருவர் சொன்னால், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால், அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதுவரை அவரைத் தனியே விடாதீர்கள்.