நடவுங்கோ என்று சொல்லுமுன் நடக்க ஓர் இடம்

வன்னியில் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) வேலை செய்யும் எவரும் ஒரு நாளில் அதிகம் சொல்லும் சொல் "நடவுங்கோ" என்பதாகத்தான் இருக்கும். பாரிசவாதத்தில் ஒரு பக்கம் செயலிழந்தவருக்கும் அதுதான், சலரோகக்காரருக்கும் அதுதான், முழங்கால் தேய்ந்த அம்மாவுக்கும் அதுதான். நானும் பல வருடங்கள் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். கிளினிக் கொப்பியில் 'தினமும் 30 நிமிடம் நடை' என்று எழுதிக் கையொப்பம் வைத்து அனுப்பிவிடுவேன்.

பாரிசவாதம் வந்து ஆறு மாதமான ஓர் அம்மா ஒருநாள் கொப்பியைத் திருப்பிக் காட்டிக் கேட்டார்: "எங்கை பிள்ளை நடக்கிறது? வாசல்ல இறங்கினா மணல். படலையைத் தாண்டினா கிரவல் றோட்டு, டிப்பர் ஓடி ஓடிக் கிடங்கு. மழை பெஞ்சா சேறு. வீட்டுக்குள்ள சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு நடக்கிறன், அது காணுமே?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்று பின்னேரம் அவருடைய வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரியின் சீமெந்துத் தரையில் நாற்பது மீற்றர் தனியாக நடந்து காட்டியவர், சொந்த முற்றத்தில் பத்து அடி வைக்கத் திணறினார். பாரிசவாதம் வந்த பலருக்குக் காலைத் தூக்கும்போது முன்பாதம் எழும்பாது, தொங்கிக்கொண்டே வரும். சீமெந்தில் அதைச் சமாளிக்கலாம். மணலில் பெருவிரல் புதையும், தடக்கும், ஆள் விழுவார். அந்த அம்மாவின் காலில் பலம் வந்திருந்தது. அந்தப் பலத்தைப் பாவிக்க அவருக்கு நிலம்தான் இல்லை.

இது ஒருவருடைய கதை இல்லை. 2009இல் யுத்தம் முடிந்தபோது கால் இழந்தவர்களும் முள்ளந்தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களும் வன்னியில் ஏராளம். அன்று இருபதுகளில் இருந்தவர்களுக்கு இன்று நாற்பது வயது. அப்போது காயம் மட்டும்தான் இருந்தது, இப்போது அதோடு சலரோகமும் பிரஷரும் உடல் எடையும் சேர்ந்திருக்கின்றன. சக்கர நாற்காலியில் இருப்பவருக்குத் தோள்மூட்டுதான் கால். பத்துப் பதினைந்து வருடங்களாக மணலிலும் கிடங்கிலும் சில்லைத் தள்ளித் தள்ளி அந்தத் தோள் தேய்ந்துபோய் வருகிறவர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். "நோவுக்கு மருந்து தாங்கோ" என்கிறார்கள். மருந்து கொடுக்கலாம், ஆனால் திரும்ப அதே ஒழுங்கையால்தான் வீட்டுக்குப் போகவேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட உடலசைவு வழிகாட்டியில், உடற்குறைபாடு உள்ளவர்களுக்கென்று தனியாகப் பரிந்துரை சேர்த்தது. வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலசைவு வேண்டும், உடற்குறைபாடு உள்ளவர்களுக்கும் அதே அளவு நல்லது என்பதுதான் அதன் சாரம். சரி, அந்த 150 நிமிடத்தை எந்த இடத்தில் செய்வது?

எங்கள் ஊரில் வெளியான, காற்றோட்டமான, வாகனம் குறைந்த இடம் என்றால் குளக்கட்டுத்தான். வன்னியில் பெரும்பாலான ஊர்களுக்கு இது பொருந்தும். இரணைமடு போன்ற பெரிய குளங்களைத்தான் வெளியூரார் அறிவார்கள், ஆனால் ஊருக்கு ஊர் சின்னக் குளங்கள் இருக்கின்றன. எங்களுடையதும் அப்படி ஒன்று, கட்டு நானூறு மீற்றர் நீளம் வரும். கமக்காரர் அமைப்பிலும் மாதர் சங்கத்திலும் கதைத்தோம். விளையாட்டுக் கழகப் பெடியன்கள் "அக்கா, சிரமதானம் வைப்பம்" என்று உடனே நின்றார்கள். இரண்டு ஞாயிறுகளில் பற்றை வெட்டி, கட்டின் நடுப்பகுதியில் ஏறுவதற்கு மண்ணால் ஒரு சாய்தளமும் போட்டுவிட்டோம். எல்லாருக்கும் பெரிய சந்தோசம்.

மூன்றாவது ஞாயிறு, சக்கர நாற்காலியில் இருக்கும் ஓர் அண்ணாவைக் கூட்டிவந்து காட்டினோம். அவர் சாய்தளத்தின் அடியில் நின்று மேலே பார்த்தார். பிறகு முயன்றார். பாதிக்குப் போகமுன் முன்சில்லு எழும்பி, நாற்காலி பின்பக்கம் சரியப் பார்த்தது, பெடியன்கள் ஓடிப்போய்ப் பிடித்தார்கள். கீழே வந்ததும் அவர் கோபப்படவில்லை. "தள்ளிவிட ரெண்டு பேர் இருந்தா இதாலை ஏறலாம். ரெண்டு பேர் எப்பவும் கூட இருந்தா நான் ஏன் பாதை கேக்கிறன்?" என்றார்.

பிழை என்னுடையது. இந்த விசயம் படித்தவள் நான், அளக்காமல் விட்டவளும் நான்தான். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓர் அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம் ஓடவேண்டும். கட்டு பத்தடி உயரம் என்றால் நூற்றிருபது அடி. அதுவும் ஒரே ஓட்டமாக இல்லை, முப்பது அடிக்கு ஒருக்கால் மூச்சு வாங்க ஐந்தடிச் சமதளம் வேண்டும். இது ஆகக் கூடிய சரிவு. தானாகத் தள்ளி ஏறுகிற, தோள் நோவுள்ள ஒருவருக்கு ஓர் அடிக்கு இருபது அடி என்றால்தான் சுகம். நாங்கள் போட்டிருந்தது ஓர் அடிக்கு நாலடி! தள்ளுவண்டி ஏற்றுகிற கண்ணளவில் போட்டது.

அவ்வளவு மண்ணுக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டு நின்றபோது, வயலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்தி விசாரித்தார். கேட்டுவிட்டு, "நடுக்கட்டாலை ஏன் ஏறுறியள்? கட்டு ரெண்டு பக்கமும் மேட்டிலைதானே போய் முடியுது, அங்கையிருந்து தொடங்குங்கோவன்" என்றார்.

உண்மைதான். மண்கட்டின் இரண்டு தலைப்பும் மேட்டு நிலத்தோடு பொருந்தித்தான் முடியும். இல்லாவிட்டால் தண்ணீர் சுற்றிக்கொண்டு ஓடிவிடும். அந்த மேட்டிலிருந்து கட்டின் மேற்பரப்புக்கு ஏறவே தேவையில்லை, நேரே உருட்டிக்கொண்டு போகலாம். எங்கள் சாய்தளத்தை அன்றைக்கே கலைத்தோம். இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம், மற்ற ஊர்களிலும் இப்படி ஓர் எண்ணம் வந்தால் முதலில் நிலம் தெரிந்தவரையும் சில்லில் போகிறவரையும் ஒன்றாக நிறுத்திக் கேளுங்கள் என்பதற்காக. மண்வெட்டி அதற்குப் பிறகு வரட்டும்.

அதன்பின் பாதையின் முகம். வெறும் கிரவல் கொட்டிப் பரவினால் போதாது. உருண்டைக் கல் அதிகமென்றால் முன்சில்லு சிக்கும், ஊன்றுகோல் வழுக்கும். சல்லி கலக்காத நல்ல கிரவலை மெல்லிய படையாகப் பரவி, அளவாக ஈரமாக்கி, றோலரால் அழுத்தி, காய்ந்ததும் அடுத்த படை. மேலே கல்தூள் ஒரு பூச்சு. இறுகிவிட்டதா என்று பார்க்க எங்களுக்கு இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. கைத்தடியில் உடம்பு பாரத்தைப் போட்டு அழுத்துவோம். நுனி புதைந்தால் அந்த இடத்தைத் திரும்ப அழுத்துவோம். மழைத்தண்ணீர் வடியப் பாதை ஒரு பக்கம் சற்றுச் சாயவேண்டும், ஆனால் ஐம்பதுக்கு ஒன்றுக்கு மேல் சாய்ந்தால் நாற்காலி அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டே போகும், ஒரு கை மட்டும் களைத்துவிடும். குளக்கட்டில் இழுக்கிற பக்கம் தண்ணீர் என்றால் அது வெறும் களைப்போடு நிற்காது. அதனால் குளத்துப் பக்கம் சில்லுத் தடுக்கும் உயரத்துக்குக் கல் அடுக்கி வெள்ளை அடித்தோம். கண்பார்வை குறைந்த ஓர் ஐயாவுக்கு அந்த வெள்ளைக் கோடுதான் வழி. பார்வையே இல்லாத ஒருவர் வெள்ளைப் பிரம்பால் அந்தக் கல்வரிசையைத் தட்டிக்கொண்டே முழுத்தூரமும் வருகிறார். முன்னர் நாங்கள் இடைவெளி விட்டு விட்டுத்தான் கல் வைத்திருந்தோம், அவர் சொன்னபிறகு தொடர்ச்சியாக்கினோம்.

மோட்டார் சைக்கிளும் மாடும் ஏறாமல் இருக்க வாசலில் கட்டை நட்டார்கள். இரண்டடி இடைவெளி விட்டிருந்தார்கள். நாற்காலி போகவில்லை. 90 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது. மாட்டுக்கு வேறு வழி பார்த்தோம்.

ஐம்பது மீற்றருக்கு ஓர் இருக்கை. உயரம் 45 சென்ரிமீற்றர், இரண்டு பக்கமும் கைபிடி. கைபிடி இல்லாத வாங்கில் முழங்கால் நோவுள்ளவர்கள் இருந்தால் எழும்ப ஆள் தேடவேண்டும். ஒவ்வொரு வாங்குக்குப் பக்கத்திலும் ஒரு நாற்காலி நிற்கும் அளவுக்கு இடம் விட்டோம், கதைத்துக்கொண்டு வருகிற இரண்டு பேரில் ஒருவர் பாதையின் நடுவில் நிற்கக்கூடாது அல்லவா.

நிழலுக்கு மரம் நடுவோம் என்று மாதர் சங்கம் சொன்னது. நல்ல எண்ணம், ஆனால் கட்டில் மரம் நடக்கூடாது. வேர் மண்கட்டைத் துளைக்கும், வேர் செத்தபிறகு அந்த வழியால் தண்ணீர் கசியும். மேட்டுப் பக்கத்தில் ஏற்கனவே நின்ற மருதுகளின் நிழலைப் பாவித்தோம். இரண்டு அந்தத்திலும் கிடுகால் வேய்ந்த கொட்டில் போட்டோம். இப்படியான விசயங்களில் அனுமதி முக்கியம். சின்னக் குளமென்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம், பெரிய குளமென்றால் நீர்ப்பாசனத் திணைக்களம். கமக்காரர் அமைப்பு மூலம் கடிதம் கொடுத்து, கட்டை வெட்டமாட்டோம், துருசுக்கும் (தண்ணீர் திறந்துவிடும் மதகு) வான் பாயும் (நிரம்பிய குளத்தின் மிகுதித் தண்ணீர் வெளியேறும்) இடத்துக்கும் போகும் வழியை மறிக்கமாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். சட்டத்தில் பிடிமானம் தேடுகிறவர்களுக்கு 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், அதன்கீழ் 2006இல் வந்த அணுகுவசதி ஒழுங்குவிதிகளும் இருக்கின்றன. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. பிரதேச சபைக்குக் கடிதம் எழுதும்போது இவற்றைக் குறிப்பிடலாம்.

வன்னி என்பதால் இன்னொன்று. கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் இலங்கை 2017இல் இணைந்தது, அகற்றும் வேலை நீண்ட காலமாக நடக்கிறது. ஆனாலும் பாவனையில் இல்லாத பற்றைக் காணிக்குள் புதுப்பாதை வெட்ட நினைத்தால் அது விடுவிக்கப்பட்ட நிலம்தானா என்று கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்தாமல் ஒரு மண்வெட்டியும் போடவேண்டாம். சந்தேகமான பொருள் கண்டால் தொடாமல், வந்த அடியிலேயே திரும்பி வந்து அறிவியுங்கள். சிரமதான உற்சாகத்தில் பெடியன்கள் இதை மறந்துவிடுவார்கள்.

பாதை வந்தபிறகு என் வேலை குறையவில்லை, மாறியது. முள்ளந்தண்டுவடம் மேல்மட்டத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு, காயத்துக்குக் கீழே உடம்பு சரியாக வியர்க்காது. சூடு உள்ளேயே ஏறும், அவர்களுக்குத் தெரியாமலே தலைசுற்றும். பங்குனி சித்திரை வெயிலில் காலை எட்டு மணிக்குப் பிறகு அவர்கள் குளக்கட்டில் இருக்கக்கூடாது. போத்தலில் தண்ணீர், கழுத்துக்கு ஒரு நனைத்த துவாய். இருபது நிமிடத்துக்கு ஒருக்கால் கைகளை ஊன்றியோ முன்பக்கம் குனிந்தோ இருக்கையிலிருந்து பாரத்தை எடுக்கவேண்டும். பாதை நல்லாயிருக்கிறது என்று ஒரே இருப்பில் ஒன்றரை மணித்தியாலம் உருட்டிவிட்டுப் புண்ணோடு வந்த ஒருவரை நான் மறக்கவில்லை. அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும்.

பொய்க்கால் போட்டவர்கள் பாதித் தூரத்தில் ஒரு வாங்கில் இருந்து, கழற்றி, வியர்வையைத் துடைத்து, தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சிவப்பு பத்து நிமிடத்தில் மறையாவிட்டால் அன்றைய நடை அவ்வளவுதான். சலரோகக்காரர்கள் வெறுங்காலோடு கட்டில் நடப்பதை நிறுத்த எனக்கு நெடுநாள் எடுத்தது. "மண்ணிலை நடந்தாத்தானே பிள்ளை உடம்புக்கு நல்லது" என்பார்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் ஒரு முள் ஏறி மூன்று நாள் தெரியாமலே இருந்தால் என்ன நடக்கும் என்று படத்தோடு காட்டினேன். இப்போது செருப்போடு வருகிறார்கள், வீட்டுக்குப் போய் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கிறார்கள்.

அந்த அம்மா முதல் நாள் இரண்டு வாங்கு தூரம் போனார். இப்போது பேத்தியோடு துருசு வரைக்கும் போய்வருகிறார். அவரோடு மாதர் சங்கத்துப் பெண்கள் நாலைந்து பேர். நடப்பதைவிடக் கதைப்பது அதிகம், அதுவும் எனக்கு வேண்டியதுதான். வருடக்கணக்காக வீட்டுக்குள்ளேயே இருந்தவர்களின் மனநிலையைப் பற்றி நாங்கள் குறைவாகவே பேசுகிறோம். தன்னை யாரும் பார்க்கக்கூடாது என்று பின்வளவில் இருந்த ஓர் இளைஞன் இப்போது பின்னேரத்தில் கட்டில் நின்று, வான் பாயுமா பாயாதா என்று ஊராரோடு வாதாடுகிறான். மாங்குளத்தில் முள்ளந்தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே சேர்ந்து நடத்தும் 'உயிரிழை' அமைப்பைப் பற்றி அறிந்தவர்களுக்கு, ஒரே நிலையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் காண்பது எவ்வளவு பெரிய தெம்பு என்று தெரியும்.

இப்போது புரட்டாதி. மாரி தொடங்குமுன் இரண்டு இடங்களில் தண்ணீர் அறுத்த பள்ளத்தை நிரப்பி அழுத்தவேண்டும், இரண்டு லோட் கிரவல் தேவைப்படுகிறது. ஒரு லோட் கமக்காரர் அமைப்புத் தருகிறது. இன்னொரு வேலையும் இருக்கிறது. அன்று சாய்தளத்தில் சரியப் பார்த்த அந்த அண்ணாவின் படலையிலிருந்து குளக்கட்டு மேடு வரைக்கும் ஓர் ஒழுங்கை, முழுக்க மணல். இப்போதும் அவரை ஓட்டோவில்தான் ஏற்றிக்கொண்டு வருகிறோம். வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு அதை அளக்கப் போகிறோம். அளவு நாடாவின் ஒரு நுனியை அவர்தான் பிடிக்கிறார்.