ஜோர்டானைச் சுற்றியுள்ளவர்கள்: ஒரு சட்டமருத்துவரின் பார்வை

அமெரிக்கத் துப்பறியும் தொடர்களில் வருவதுபோலத்தான் நீங்களும் வேலை செய்கிறீர்களா என்று சட்டமருத்துவத் துறையில் இருக்கும் எங்களிடம் மாணவர்கள் அடிக்கடி கேட்பதுண்டு. கருவிகளையும் ஆய்வகத்தையும் பற்றிய ஐயங்களை எளிதில் தீர்த்துவிடலாம். அத்தொடர்களில் பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவர் யாருக்கு எவ்வளவு நெருக்கமானவராகக் காட்டப்படுகிறார் என்பதை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. பார்ப்பவர் மனத்தில் ஆழமாகப் பதிவதும், இறந்தவரின் குடும்பத்தார் எங்களைப் பார்க்கும் பார்வையில் வெளிப்படுவதும் அந்த நெருக்கந்தான்.

என்.பி.சி. தொலைக்காட்சியில் 2001 முதல் 2007 வரை ஒளிபரப்பான ‘கிராசிங் ஜோர்டான்’ தொடர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஜில் ஹென்னஸி நடித்த ஜோர்டான் கவனா, பாஸ்டன் நகரில் மரண விசாரணை மருத்துவர். அவருக்குப் பத்து வயதாக இருந்தபோது தாய் கொலை செய்யப்பட்டார். தந்தை மேக்ஸ் ஓய்வுபெற்ற காவல் துப்பறிவாளர். தந்தையும் மகளும் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, ஒருவர் கொலையாளியாகவும் மற்றவர் கொல்லப்பட்டவராகவும் நின்று, நடந்திருக்கக்கூடியதைப் பேசிப் பேசிக் கண்டறியும் காட்சிகள் தொடரின் தொடக்கப் பகுதிகளில் புகழ்பெற்றவை. நாடகமாக அவை அருமையானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் உடல் என்ன சொல்கிறது என்று முழுமையாகப் பார்த்து முடிக்கும் முன்பே, கதை எப்படி நடந்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டும் பழக்கத்தைத் தந்தையே மகளுக்கு ஊட்டுகிறார் என்பதைத் தொழில் தெரிந்தவர் கவனிக்காமல் இருக்க முடியாது. விஸ்கான்சினிலிருந்து பாஸ்டனுக்கு வரும் துப்பறிவாளர் வுடி ஹாய்ட்டுடன் ஜோர்டானுக்கு ஏற்படும் ஈர்ப்பு, தொடரின் இறுதிவரை இழுத்துச் செல்லப்படுகிறது. ஆக, வழக்கை விசாரிப்பவரும் அவ்வழக்கின் உடலை ஆராய்பவரும் ஒருவர்மீது ஒருவர் மனம் வைத்தவர்கள்.

கதை நிகழும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இது சிறிய செய்தியன்று. மரணங்களை விசாரிக்கும், ஆனால் மருத்துவப் பயிற்சி தேவைப்படாத ‘கொரோனர்’ பதவியை ஒழித்து, அவ்விடத்தில் மருத்துவரை அமர்த்தும் முறையை 1877-இலேயே கொண்டுவந்த மாநிலம் அது. அமெரிக்க முறையில் மரணத்தின் காரணத்தோடு, அது இயற்கையா, விபத்தா, தற்கொலையா, கொலையா என்ற வகையையும் மருத்துவரே எழுதுகிறார். நம் நாட்டில் நாங்கள் காரணத்தைப் பற்றிய கருத்தைத்தான் தருகிறோம். வகையை முடிவுசெய்வது விசாரணையின் வேலை. அங்கே மருத்துவரின் ஒரு சொல்லுக்கு இருக்கும் எடை அத்தகையது என்பதால், அவர் காதில் யார் என்ன சொன்னார் என்பதும் முக்கியமாகிறது.

அறிவாற்றல் நரம்பியல் ஆய்வாளர் இட்டியல் ட்ரோர் தலைமையிலான குழு 2021-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பிரேதப் பரிசோதனை செய்யும் 133 தடயவியல் நோயியல் வல்லுநர்களிடம் ஒரு குழந்தையின் மரணம் பற்றிய ஒரே மருத்துவத் தகவல்கள் தரப்பட்டன. குழந்தையின் இனமும், அதைப் பார்த்துக்கொண்டவர் பாட்டியா, தாயின் காதலனா என்பதும் மட்டுமே மாற்றப்பட்டன. கறுப்பினக் குழந்தை, தாயின் காதலன் என்று படித்தவர்கள் ‘கொலை’ என்ற முடிவுக்கு அதிகம் சாய்ந்தனர். அத்துறையினர் பலர் இந்த ஆய்வைக் கடுமையாக எதிர்த்தார்கள். உடலுக்கு வெளியிலிருந்து வரும் தகவல் மருத்துவரின் முடிவைச் சாய்க்கும் என்ற அதன் மையக் கருத்து என் அனுபவத்தில் பொய்யானதாகத் தோன்றவில்லை.

இதற்காக, காவல்துறை தரும் தகவலைப் படிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பூச்சிமருந்து குடித்ததாக ஐயம் இருந்தால் அது தெரிந்தாக வேண்டும், எந்த உள்ளுறுப்புகளை வேதிப் பகுப்பாய்வுக்கு அனுப்புவது என்பதில் தவறு நேரக்கூடாது. ஆனால் காயங்களை அளந்து குறித்துக்கொண்டிருக்கும்போது, அருகில் நிற்கும் காவலர் “தூக்குதான் டாக்டர், சந்தேகமே இல்லை” என்று சொன்னால், குறிப்பை எழுதி முடித்த பிறகே அதற்குப் பதில் சொல்வது நல்ல வழக்கம். ஜோர்டானும் வுடியும் உடலின் இருபுறமும் நின்று பேசிக்கொள்ளும் காட்சிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

நியாயமாகப் பேசினால், தொடரில் போற்றத்தக்க உறவுகளும் உண்டு. தலைமை மருத்துவர் கேரட் மேசி குடிப்பழக்கத்தோடும் முறிந்த மணவாழ்க்கையோடும் போராடுபவர். இருந்தும் தனக்குக் கீழே பணிபுரிபவரிடம் “உன் முடிவுக்குச் சான்று எங்கே” என்று கேட்பவர். தடய அறிவியல் வல்லுநர் நைஜலும், இந்திய வம்சாவளியினரான பூச்சியியல் வல்லுநர் பக்கும் (மகேஷ் என்பது அவருடைய இயற்பெயர்) ஓயாமல் சண்டையிடுகிறார்கள். ஒருவர் முடிவை மற்றவர் தயக்கமின்றி மறுக்கும் அந்தச் சண்டையை எந்த ஆய்வகமும் விலைகொடுத்து வாங்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் லில்லி. அவர் உடலைத் தொடுவதில்லை. இறந்தவரின் உறவினரை அமரவைத்து, நடப்பதை விளக்கி, அழுகை அடங்கும்வரை உடனிருப்பதே அவர் பணி. நம் சவக்கிடங்குகள் பலவற்றில் இப்படி ஓர் இருக்கையே கிடையாது. குடும்பத்தார் வெளியே மரத்தடியில் நிற்கிறார்கள். அவர்களுக்குச் செய்தி சொல்பவர் காவலராகவோ ஊழியராகவோ இருக்கிறார். மருத்துவரும் காவலரும் ஒரே கட்சி என்ற ஐயம் முளைப்பது அந்த மரத்தடியில்தான்.

காவலில் நேரும் மரணங்களில் அந்த ஐயத்தைப் புறந்தள்ள யாருக்கும் உரிமையில்லை, ஏனெனில் அங்கே காவல்துறையே விசாரிக்கப்படும் தரப்பு. அதனால்தான் நம் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 196-ஆவது பிரிவு நீதித்துறை நடுவரின் விசாரணையை வகுத்திருக்கிறது. இத்தகைய பரிசோதனைகளை ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்று தேசிய மனித உரிமைகள் ஆணையம் 1995-இலேயே மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது.

மற்ற மரணங்களிலும் குடும்பத்தார் சிலவற்றைச் செய்யலாம். இறந்தவர் உட்கொண்ட மருந்துகள், பழைய அறுவை சிகிச்சைகள், அண்மையில் நேர்ந்த விழுதல் ஆகியவற்றை விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கொடுத்து, அது மருத்துவரைச் சேரும்படி கேளுங்கள். பிரேதப் பரிசோதனை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளுறுப்புகள் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டிருந்தால் இறுதிக் கருத்து தாமதமாகும். அனுப்பப்பட்டனவா என்பதை மருத்துவரிடம் நேரில் கேட்கத் தயங்க வேண்டாம்.