அப்பாவின் மருத்துவமனைப் பில்லை யார் கட்டுவது?

பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் மருத்துவமனைக் கணக்குப் பிரிவிலிருந்து முதல் தொலைபேசி வந்துவிடும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இறந்தவர்களின் எஸ்டேட்டுகளை, அதாவது அவர்கள் விட்டுச்சென்ற சொத்தையும் கடனையும், கவனிக்கும் வழக்கறிஞன் நான். நகரின் சாட்ஸ்வர்த், மெரேபேங்க், ஃபீனிக்ஸ் பகுதிகளிலிருந்து வரும் குடும்பங்களிடம் முதலில் கேட்பது இதைத்தான்: “யாராவது பணம் கட்டினீர்களா? எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா?”

தென்னாப்பிரிக்கச் சட்டப்படி இறந்தவரின் கடன் அவருடைய எஸ்டேட்டைச் சேர்ந்தது. அவர் விட்டுச்சென்ற வீடு, கார், வங்கிப் பணம் ஆகியவற்றிலிருந்து அதைத் தீர்க்க வேண்டும். போதாவிட்டால் மிச்சம் கடன் கொடுத்தவருக்கு நஷ்டம். பிள்ளையாகப் பிறந்ததற்காக மட்டும் எவரும் சொந்தப் பணத்தைத் தர வேண்டியதில்லை. இதைச் சொன்னால் பலருக்கு முகம் சுருங்குகிறது. “அப்பா கடனோடு போனார் என்ற பேச்சு வேண்டாம்” என்கிறார்கள். மனமுவந்து கட்டுவதை நான் தடுப்பதில்லை. சட்டம் கட்டாயப்படுத்துகிறது என்று பயந்து நகையை அடகு வைப்பதைத்தான் தடுக்கிறேன்.

சிக்கல் கையெழுத்தில் இருக்கிறது. தனியார் மருத்துவமனையில் சேர்க்கும்போது நீட்டப்படும் படிவங்களில், நோயாளி கட்டாவிட்டால் கையெழுத்திடுபவரே கட்டுவார் என்ற வரி பெரும்பாலும் இருக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நள்ளிரவில் அதை யார் படிக்கிறார்கள்? அந்த மகளோ மருமகனோ வாரிசு என்பதால் அல்ல, பிணையாளி என்பதால் மாட்டிக்கொள்கிறார். ஆகவே மருத்துவமனை மிரட்டினால் அந்தப் படிவத்தின் நகலை முதலில் கேளுங்கள். இறந்த பிறகு ‘தவணையில் கட்டுகிறேன்’ என்று எழுதித் தருவது இன்னும் மோசம். உங்களுடையதாக இல்லாத கடனையும் அது உங்களுடையதாக்கிவிடும்.

கணவன் மனைவி விஷயம் வேறு. ஒப்பந்தம் எழுதாமல் சட்டப்படி பதிவுத் திருமணம் செய்தவர்களுக்குச் சொத்தும் கடனும் பொதுவானவை. ஆகவே உயிரோடிருப்பவரின் பாதியும் கணக்கில் வரும். கோயிலில் தாலி கட்டியதோடு நின்று, பதிவே செய்யாத பழைய திருமணங்களில் இந்தப் பொதுச் சொத்து உருவாவதில்லை. ஆனால் உயில் எழுதாமல் இறந்த கணவரின் சொத்தில் அத்தகைய மனைவிக்கும் வாரிசுரிமை உண்டு என்று 2008-இல் டர்பன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பாட்டிமார் பலருக்கு இது தெரியாது.

பில்லே சரியா என்பதையும் பாருங்கள். 1998-ஆம் ஆண்டின் மருத்துவத் திட்டங்கள் சட்டம் வரையறுத்த அவசர நிலைகளுக்கு மெடிக்கல் எய்டு என்னும் மருத்துவச் செலவுத் திட்டம் முழுச் செலவையும் ஏற்க வேண்டும். குறைத்துக் கட்டிவிட்டு மீதியைக் குடும்பத்தின் தலையில் போடுவதை அடிக்கடி காண்கிறேன். சிகிச்சை நடந்த மாதத்துக்கு அடுத்து வரும் நான்காம் மாதத்தின் கடைசி நாளுக்குள் மெடிக்கல் எய்டுக்குக் கோரிக்கை போய்ச் சேர வேண்டும். துக்கத்தில் இந்தக் கெடுதான் முதலில் மறந்துபோகிறது.

துணிக்கடை, மரச்சாமான் கடைக் கடன் கணக்குகளிலும் கடன் காப்பீடு சேர்ந்திருக்கலாம். அப்படியிருந்தால் மரணத்தோடு அந்த நிலுவையைக் காப்பீடு தீர்க்க வேண்டும். மாதாமாதம் பிரீமியம் கட்டியவர் அப்பா. அதைக் கேட்காமலே மகன் பில்லைக் கட்டுகிறார்! பயனாளியின் பெயர் எழுதப்பட்ட ஆயுள் காப்பீடு நேராக அவருக்கே போகிறது. ஓய்வூதிய நிதியின் மரணப் பலனும் பொதுவாக எஸ்டேட்டில் சேராது. நிதியின் அறங்காவலர்கள் இறந்தவரைச் சார்ந்திருந்தவர்களுக்குப் பிரித்துத் தருவார்கள். இந்தப் பணத்தை எடுத்து மருத்துவமனைக்குக் கொடுக்க அவசரப்பட வேண்டாம்.

மரணத்தை 14 நாட்களுக்குள் எஸ்டேட்டுகளை மேற்பார்வையிடும் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். எஸ்டேட் 2,50,000 ரேண்டுக்கு மேற்பட்டால் நிர்வாகியை முறைப்படி நியமிப்பார்கள். அவர் அரசிதழிலும் உள்ளூர்ப் பத்திரிகையிலும் விளம்பரம் கொடுத்து, கடன் கொடுத்தவர்களுக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் தருவார். அதற்குமுன் கத்திக் கேட்பவருக்கு முதலில் கொடுத்துவிடக் கூடாது. பணம் போதாத எஸ்டேட்டில் ஈமச் செலவும் கடைசி நோயின் மருத்துவச் செலவும் சட்டம் விதித்த வரம்புக்குள் சாதாரணக் கடன்களுக்கு முன்னால் நிற்கும். வரிசையை மீறிக் கொடுத்த நிர்வாகி தம் கையிலிருந்து ஈடுசெய்ய நேரலாம். இறந்தவரின் வங்கி அட்டையில் பணம் எடுப்பதும் இறந்த அன்றே நிற்க வேண்டும்.

வசூல்காரர் மீண்டும் அழைத்தால் நீண்ட பேச்சு தேவையில்லை. “அவர் இறந்துவிட்டார், எஸ்டேட் பதிவாகிறது, உங்கள் கோரிக்கையை எழுத்தில் நிர்வாகிக்கு அனுப்புங்கள்” என்று சொல்லிவிட்டு, அழைத்தவரின் பெயரையும் தேதியையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.