ரேடியம் ஸ்டிக்கரும் டிரிட்டியம் வாட்ச்சும்

போன மாதம் வேளச்சேரிக்காரர் ஒருவர் ஒரு கைக்கடிகாரத்தோடு வந்தார். துபாயிலிருந்து மாமா கொண்டுவந்ததாம். "சார், இதுல ரேடியம் இருக்குன்னு சொல்றாங்க. வீட்டுல குழந்தை இருக்கு. கட்டலாமா?" கதிரியக்கப் பாதுகாப்பு வேலையில் இருப்பவனிடம் இப்படித்தான் கேள்வி வரும்.

நம் ஊரில் இருட்டில் தெரிவதெல்லாம் ரேடியம்தான். ஆட்டோவின் பின்னால் 'ரேடியம் கட்டிங்' கடையில் ஒட்டித் தருவது, விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் வெறும் தாள். கதிரியக்கத் தனிமமான ரேடியத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இவருடைய கடிகாரம் வேறு ஜாதி. ராத்திரி முழுக்க பீரோவில் பூட்டி வைத்தாலும் விடிகாலையில் அதே பச்சை ஒளி. முட்களின் மேல் நூல் போன்ற கண்ணாடிக் குழாய்கள், உள்ளே டிரிட்டியம் வாயு. இப்படிப்பட்ட கடிகாரங்கள் பலவற்றின் முகப்பில் 'T 25' என்று இருக்கும். டிரிட்டியத்தின் கதிரியக்க அளவு 25 மில்லிகியூரி வரை என்று பொருள்.

டிரிட்டியமும் ஹைட்ரஜன்தான். கருவில் ஒரு புரோட்டானோடு இரண்டு நியூட்ரான்கள் கூடுதல், அவ்வளவுதான். அந்தக் கரு நிலைக்காது. ஓர் எலக்ட்ரானை வெளியே தள்ளிவிட்டு ஹீலியம்-3 ஆகிவிடும். அந்த எலக்ட்ரான் குழாயின் உள்பூச்சில் மோதுவதுதான் அந்தப் பச்சை. அரை ஆயுள் 12.3 ஆண்டுகள், எனவே பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஒளி பாதியாகும்.

வெளியே வரும் இந்த எலக்ட்ரானைத்தான் பீட்டா கதிர் என்கிறோம். இது படு சோனி. காற்றிலேயே 6 மில்லிமீட்டருக்கு மேல் போகாது, தோலின் இறந்த மேலடுக்கைக்கூடத் தாண்டாது. தாராளமாகக் கட்டலாம். "கதிர்வீச்சு பட்டால் சத்தம் போடும் கைகர் கருவியை ஆன்லைனில் வாங்கி வைத்துப் பார்த்தேன், சத்தமே இல்லை" என்றார் அவர். கதிர் கருவியின் சுவரைத் தாண்டினால்தானே சத்தம் வரும்! கருவி சும்மா இருப்பதால் டிரிட்டியம் இல்லை என்று ஆகிவிடாது.

உடம்புக்குள் போனால் கதை வேறு. அதுவும் நீராக. டிரிட்டியம் ஆக்சிஜனோடு சேர்ந்தால் தண்ணீர்; உடம்புக்கு அதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. வாயுவாகச் சுவாசிப்பதைவிட நீராக உள்ளே போனால் கதிர்வீச்சு அளவு சுமார் 10,000 மடங்கு. கல்பாக்கம் போன்ற, டிரிட்டியம் உருவாகும் கனநீர் அணு உலைகளில் வேலை செய்பவர்களிடம் சிறுநீர் மாதிரி வாங்கிப் பார்ப்பது இதற்காகத்தான். உள்ளே போனதில் பாதி சுமார் பத்து நாளில் சிறுநீரிலும் வியர்வையிலும் வெளியேறிவிடும். அதிகமாக உள்ளே போனவரை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வோம். சிகிச்சை என்று பெரிதாக வேறில்லை.

கடிகாரக் குழாய் உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். வாயு கலைந்த பிறகு துண்டுகளை வெறுங்கையால் தொடாமல் எடுக்கவும்.

கிளம்பும்போது, "பேட்டரி மாத்தக் கொடுக்கலாமா சார்?" என்றார். கொடுக்கலாம். உள்ளே என்ன குழாய் இருக்கிறது என்பதை மட்டும் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடச் சொன்னேன்.