ஜேசிபியைக் கூப்பிடும் முன் ஒரு மழை பொறுங்கள்

போன வாரம் இன்னொரு நிலம் பார்க்கப் போனேன். அருப்புக்கோட்டைக்குத் தெற்கே 5 ஏக்கர் கரிசல் காடு. எங்கள் பக்கம் காடு என்றால் மழையை நம்பிய புன்செய் நிலம். வாங்கியவர் சென்னையில் வேலை பார்ப்பவர். நல்ல மனிதர், இயற்கை விவசாயம் செய்ய வேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்படுகிறவர். நிலத்தைப் பார்த்து யோசனை சொல்லுங்கள் என்று கூப்பிட்டிருந்தார். போய் இறங்கினால் காடு மொட்டையாகக் கிடக்கிறது. கிழக்கு மூலையில் வேரோடு பிடுங்கிய செடிகளைக் குவித்து வைத்திருந்தார்கள். "சுத்தம் பண்ணியாச்சு சார். சும்மா முள்ளா கிடந்துச்சு. இப்ப என்ன வைக்கலாம், சொல்லுங்க" என்றார்.

குவியலைக் கிளறினேன். சீமைக்கருவேலம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அதோடு உடைமரம் 3, இலந்தைத் தூர்கள், வேலியில் படர்ந்திருந்த பிரண்டை, கோவைக்கொடி, இடுப்புயரம் வந்த பனை வடலிகள், அதாவது இளம் பனைகள், 11. எல்லாவற்றுக்கும் அடியில், கட்டிமண் ஒட்டிக்கொண்டு, அதலை என்ற கசப்புக்காய்க் கொடியின் கிழங்குகள். ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே இன்னும் ஈரம் இருந்தது.

இந்த வருடத்தில் நான் பார்க்கும் ஏழாவது நிலம் இது. மானாவாரி விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்வதுதான் என் வேலை. கூப்பிட்டவுடன் போகிறேன். ஆனால் எல்லாம் முடிந்த பிறகுதான் கூப்பிடுகிறார்கள்.

"சும்மா கிடந்துச்சு" என்ற அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் பேச வேண்டும். கரிசலில் எதுவும் சும்மா கிடப்பதில்லை. விருதுநகர் பக்கம் வருடத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவமழையில் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் ஒரு செடி பிழைத்துக் கிடக்க வேண்டுமென்றால் இலையை உதிர்க்கும், கொடியைக் காயவிடும், சேர்த்து வைத்ததைக் கிழங்கிலும் வேரிலும் பத்திரப்படுத்திக்கொண்டு மண்ணுக்குள் தூங்கும். நீங்கள் நிலம் பார்க்க வருவது பங்குனியிலோ சித்திரையிலோ. பத்திரம் முடித்து ஜேசிபி வைப்பது ஆனி, ஆடியில். தூங்குகிற நேரத்தில் வந்து பார்த்துவிட்டு இங்கே யாருமே இல்லை என்கிறீர்கள்.

அதே காட்டுக்கு ஐப்பசி மழை இரண்டு விழுந்தபின் வந்து பாருங்கள். பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் கால் வைக்க இடமில்லாமல் முளைத்திருக்கும். மிதுக்கு படரும், வெள்ளரிக்கும் முலாம்பழத்துக்கும் பங்காளி அது. அப்புறம் அதலை. சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். சிறு விரல் பருமனில், வரிவரியாக இருக்கும் கசப்புக்காய். பறித்த ஒன்றிரண்டு நாளில் வெடித்துவிடும் என்பதால் தூர ஊர்ச் சந்தைகளுக்குப் போகாது. இரண்டு முனையையும் கிள்ளிவிட்டு, வெங்காயம் போட்டு எண்ணெயில் சுருள வதக்கினால் சோற்றுக்கு வேறெதுவும் வேண்டாம். காலையில் ஈரக்கரிசலில் குனிந்து மடி நிறையப் பறித்து, பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் கூறு கட்டி விற்கும் அம்மாக்களுக்கு அந்த இரண்டு மூன்று மாதமும் அதுதான் கைச்செலவுக்குக் காசு.

இதைச் சொன்னதும் உடனே வரும் பதில்: "தானா வளர்றதுதானே சார், திரும்ப தானா வந்துரும்."

வராது. இந்த எண்ணத்தைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. நீங்கள் விதைக்கவில்லை என்பதற்காக அது எங்கிருந்தோ வருகிறது என்று நினைக்காதீர்கள். அதலை முளைப்பது பெரும்பாலும் பழைய கிழங்கிலிருந்துதான். போன வருடம் மண்ணுக்குள் பத்திரமாக இருந்த கிழங்கு இந்த வருடம் கொடி விடுகிறது. ஆழ உழுது கிழங்கை மேலே புரட்டிப் போட்டால் வெயிலில் சுருங்கிச் செத்துவிடும். கிளைபோசேட் அடித்தால் மருந்து இலை வழியாக இறங்கிக் கிழங்கு வரை போகும், அது அப்படி வேலை செய்யும் மருந்துதான். மாட்டு ஏர் மேலாகக் கீறிவிட்டுப் போன காலத்தில் பருத்திக்கும் உளுந்துக்கும் நடுவே அதலை பிழைத்துக் கிடந்தது. நம் அப்பத்தாக்கள் அதை விதைக்கவில்லை, உண்மை. ஆனால் கொல்லவும் இல்லை.

கிழங்கைப் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரைக்கு மருந்து என்று வீடியோ பார்த்துவிட்டுக் கிழங்கைத் தோண்டுகிறவர்கள் இப்போது புதிதாகக் கிளம்பியிருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உண்பது காயை மட்டும்தான். நாட்டு வைத்தியத்தில் அந்தக் கிழங்கைக் கருவைக் கலைக்கக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் அதை வாசலுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

சரி, முள்ளுக்கு வருவோம். 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னதிலிருந்து, முள் இருந்தாலே அது சீமைக்கருவேலம்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஜேசிபி ஓட்டுகிற தம்பியைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு மணிக்கணக்கில் கூலி. நிலத்துக்காரர்தான் கூட நின்று பார்க்க வேண்டும். சீமைக்கருவேலத்தின் பூ விரல் நீளத்துக்கு வெளிர்மஞ்சள் கதிராகத் தொங்கும், நெற்று பழுத்தால் மஞ்சள். நாட்டுக்கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை. அதன் நெற்று மணி கோத்தது போல இடுக்கி இடுக்கி இருக்கும். உடைமரத்தைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம், விரித்த குடை. வெள்வேலத்துக்குப் பட்டை வெளுப்பு. வன்னிக்கு முள் குட்டையாகத் தண்டில் ஆங்காங்கே இருக்கும், சீமைக்கருவேலம் போலக் கணுவுக்குக் கணு ஜோடி போடாது. இலந்தையைத் தெரியாதென்று யாரும் சொல்லிவிடாதீர்கள், எல்லோரும் சின்ன வயதில் பொறுக்கித் தின்றதுதான். பிடுங்க வேண்டிய மரத்துக்குச் சுண்ணாம்பு அடையாளம் போடுங்கள், அதை மட்டும் தூரோடு எடுங்கள். மேலாக வெட்டினால் மறுபடி தழைக்கும். 5 ஏக்கருக்கு ஒரு நாள் வேலை.

பனை வடலியைப் பிடுங்கியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பனை நம் மாநில மரம். ஆட்சியர் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்தார்கள். பாளை விடுவதற்கே பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். இடுப்புயர வடலி என்றால் அதில் எத்தனை வருடம் போயிருக்கும் என்று பாருங்கள். பிடுங்கி வேறிடத்தில் நட்டால் பெரும்பாலும் பிழைக்காது.

அந்தச் சென்னைக்காரர் அவகேடோ வைக்கலாமா என்று கேட்டார். கிணறே இல்லாத காட்டில் தண்ணீருக்கு எங்கே போவீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் குவித்து வைத்திருந்த இலந்தைத் தூர்கள் மண்ணிலேயே இருந்திருந்தால், அடியோடு வெட்டிவிட்டு, துளிர்க்கிற கிளையில் நல்ல ரக இலந்தையை மொட்டு ஒட்டியிருக்கலாம். வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருக்கிறது. தண்ணீர் ஊற்ற வேண்டிய வேலை பெருமளவு குறைந்திருக்கும். நீடித்த விவசாயம், நிரந்தரப் பயிர் என்று வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டு வருகிறார்கள். அதற்கான வேர்கள் மண்ணுக்குள் தயாராக இருந்தன, நாலு மணி நேரத்தில் போய்விட்டன.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். நிலம் வாங்கினால் ஒரு ஐப்பசி, கார்த்திகை முழுக்க எதையும் தொடாதீர்கள். வாரத்துக்கு ஒருமுறை நடந்து பாருங்கள். முளைப்பதையெல்லாம் போட்டோ எடுங்கள். பக்கத்துக் காட்டில் களை எடுக்கும் அக்காவைக் கூப்பிட்டு ஒவ்வொன்றுக்கும் பேர் கேளுங்கள், என்னைவிட அவருக்கு அதிகம் தெரியும். அதலை இருக்கும் இடத்தைச் சுற்றிக் கல் நட்டு, டிராக்டரை உள்ளே விடாதீர்கள். காய் பறிக்க வருகிற அம்மாக்களைத் துரத்தாதீர்கள். மூன்றில் ஒரு பங்கைக் கொடியிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள், வெடித்து விதை விழட்டும். பழுபாகல் என்ற பாகல் வகைக் கொடி இருந்தால், அதில் காய்க்காத கொடியைப் பிடுங்கிவிடாதீர்கள். அது ஆண்கொடி, அது போனால் பெண்கொடியும் காய்க்காது. உயிர்வேலியை எடுத்துவிட்டுக் கம்பிவேலி போட்டே ஆக வேண்டுமென்றால், பிரண்டையையும் கோவையையும் அந்தக் கம்பியிலேயே ஏற்றிவிடுங்கள்.

அந்த 5 ஏக்கரில் குவியலைக் கொளுத்த வேண்டாம் என்று நிறுத்தினேன். வெட்டுப்படாத அதலைக் கிழங்காகப் பொறுக்கியதில் 40 சொச்சம் தேறியது. அன்று சாயங்காலமே வடக்கு ஓரத்தில் பழையபடி மண்ணுக்குள் வைத்து மூடினோம். எத்தனை முளைக்கும் என்று மழைக்குப் பிறகுதான் பார்க்க வேண்டும். பனம்பழம் விழத் தொடங்கிவிட்டது. கண்மாய்க்கரையில் பொறுக்கிய கொட்டைகளை ஒரு சாக்கில் கட்டி அவர் காரில் ஏற்றிவிட்டிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை வரப்பில் பத்தடிக்கு ஒன்றாக ஊன்ற வருகிறார், பிள்ளைகளையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.